பொய் சொல்லாத ராஜாவும் லண்டன் பாரிஸ்டரும்



போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, சட்டம் படிக்க அப்ளை பண்ணுறன். சட்டத்தரணி ஒருவரின் ஒஃபிசில ஒரு கிழமைதான் நின்றனான். மூன்று மாதம் என்று எழுதினால் என்ன? லோயர் என்றால் பொய் சொல்லத்தானே வேணும்?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. அந்தத் தம்பிக்காகவே இந்த மாதம் ஒரு சட்டத்தரணியின் கதை.

கொழும்பைச் சேர்ந்த தமிழர் முத்துக்குமாரசுவாமி. 1856இல் அங்கே அட்வகேட் ஆனார். 1862இல் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்து, 1879இல் இறக்கும்வரை அங்கே பேசினார். இடையில் லண்டன் வந்து, 1863இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கே பாரிஸ்டரானது அதுவே முதல் தடவை என்பார்கள். அவர் சைவர், அதை மறைக்கவில்லை. 1874இல் 'சர்' பட்டமும் கிடைத்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற இராமநாதனும் அருணாசலமும் அவருடைய மருமக்கள்; கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி அவருடைய மகன்.

என்னைத் தொட்டது பட்டங்கள் அல்ல. பாரிஸ்டரான அதே 1863இல் அவர் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நம் ஊர்களில் விடிய விடிய ஆடிய அரிச்சந்திரன் நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. நாட்டை இழந்து, மனைவி பிள்ளையைப் பிரிந்து, சுடலை காத்த நிலையிலும் ஒரு பொய் சொல்ல மறுத்த ராஜாவின் கதை. வாதாடுவதைத் தொழிலாகக் கொண்டவர், தமிழர் எப்படிப்பட்டவர்கள் என்று ஆங்கிலேயருக்குக் காட்ட எடுத்தது அந்தக் கதையைத்தான்!

அவருடைய விசுவாசம் வேறு, நம்முடையது வேறு. ஆனால் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் நம் பேச்சைப் பற்றிச் சொன்னதை மத்தேயு 5:37இல் வாசித்துப் பாருங்கள். வேதம் கையில் இல்லாதவர் மதித்த உண்மையை, வேதத்தோடு வளர்ந்த நாம் ஒரு விண்ணப்பத்துக்காக விடலாமா?

கிங்ஸ்பரியில் ஜுபிலி லைன் ஏறி, பொண்ட் ஸ்ட்ரீட்டில் மாறி, ஹோபனில் இறங்கினால் லிங்கன்ஸ் இன் நடக்கும் தூரம்தான். ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

தம்பிக்கு என் பதில்: ஒரு கிழமை என்றே எழுது. அந்த ஒரு கிழமையில் நீ கண்டதை, கேட்டதை, விளங்கிக்கொண்டதை எழுது. நேர்முகத்தில் யார் கேட்டாலும் பயமில்லாமல் பதில் சொல்லலாம்.

உங்கள் அண்ணன்.