சுவரில் ஒரு மண்கோடு



ஸுலைமான் (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்து நின்ற நிலையிலேயே வஃபாத்தானதையும், கறையான் அத்தடியை அரித்து அவர்கள் கீழே சாயும் வரை ஜின்கள் ஏதுமறியாமல் உழைத்துக் கொண்டிருந்ததையும் ஸூரா ஸபாவில் ஓதுகிறோம். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இதை விளக்கி வந்த நான், என் வீட்டுச் சுவரலமாரிக்குள் அதே கறையான் மாதக்கணக்கில் வேலை செய்ததை அறியாதிருந்தேன். ஜின்களைக் குறை சொல்ல எனக்கென்ன தகுதி!

2015 டிசம்பர் 1ஆம் நாள் காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. முடிச்சூரில் எங்கள் வாப்பா கட்டிய வீட்டில் மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீர். வடிந்த பின் கழுவினோம், காயவிட்டோம். இரண்டு மாதத்தில் தங்கைக்கு நிக்காஹ் குறித்திருந்தபடியால் அவசரமாக வர்ணம் பூச ஆள் அழைத்தேன். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்து, “குடிச்ச தண்ணிய செவுரு இன்னும் விடல பாய், கோடை வரைக்கும் பொறுங்க” என்றார். நான் கேட்கவில்லை. பளபளவென்ற பிளாஸ்டிக் பெயிண்ட் பூசச் செய்தேன். ஈரம் வெளியேறும் வாசலை என் கையாலேயே அடைத்துவிட்டேன்.

ரமலானை வரவேற்க வீட்டைத் துப்புரவாக்கிய அன்று, அலமாரியின் பின்சுவரில் பென்சில் பருமனில் ஒரு மண்கோடு தென்பட்டது. வாப்பாவின் தாயார் தம் கைப்பட அரபுத் தமிழில் எழுதி வைத்த கிதாபை எடுத்தேன். அட்டை முழுமையாக இருந்தது. திறந்தால் உள்ளே மண்! அவர்களின் எழுத்தில் எஞ்சியவை பதினொரு தாள்கள்.

கறையானின் உடல் மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து மடியும். அதனால்தான் அது மண்ணால் குழாய் கட்டி அதற்குள் பயணம் செய்கிறது. ஈரமில்லாத இடத்தில் நம் நாட்டு மண் கறையான் நெடுநாள் வாழாது. புற்றோ சுவரில் இல்லை, பூமிக்குள் இருக்கிறது. அலமாரியில் மண்ணெண்ணெய் தெளிப்பதால் வழிப்போக்கர் சிலர் மடிவர். ஊர் அப்படியே இருக்கும். முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலும் சிறகு முளைத்த கறையானே. வீட்டுக்குள் ஜன்னலடியில் அதன் உதிர்ந்த சிறகுகள் குவிந்திருந்தால், புற்று வெகு அருகில் உள்ளது என்று கொள்ளுங்கள்.

நம் பகுதி வீடுகளுக்கு இன்னொரு கேடு உண்டு. அஸ்திவாரத்தின் மேல், தரை மட்டத்தில், மண்ணின் ஈரம் மேலேறாதபடி ஒரு தடுப்புப் பூச்சு இடுவார்கள். கொத்தனார்கள் அதை டி.பி.சி. என்பர். எங்கள் வீடு கட்டப்பட்டபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறினோம். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் இன்று ஒரு படிதான் மிச்சம். (சுரண்டிய பின்னரே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராயிருந்த இறையன்பு அவர்கள் அறிவுறுத்தினார்கள். அதற்குமுன் உயர்ந்தது உயர்ந்ததுதான்.) சாலை உயர்ந்ததும் நாமும் முற்றத்தில் செங்கல் துண்டும் மண்ணும் கொட்டி மேடாக்குகிறோம். அந்த மண் தடுப்புப் பூச்சுக்கு மேலே சுவரைத் தொட்டுவிட்டால், பூச்சு இருந்தும் பயனில்லை. ஈரமும் கறையானும் அதைச் சுற்றிக்கொண்டு ஏறிவிடும். மண்ணை அகற்றி, சுவரின் அடி ஒரு சாணாவது கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருப்பதற்கு ஈடான மருந்தை நான் அறியேன்.

மருந்து தேவைப்படின் இந்தியத் தர விதி எண் 6313 அதற்கு முறை வகுத்துள்ளது. சுவரும் தரையும் சேருமிடத்தில் ஏறத்தாழ ஓரடிக்கு ஒரு துளையிட்டு மண்ணுக்குள் மருந்தைச் செலுத்த வேண்டும். பழைய ஆல்டிரின் தடை செய்யப்பட்டுவிட்டது; பெயர் சொல்லாத மருந்தை ஏற்காதீர்கள். கிணறு இருந்தால் முன்கூட்டியே கூறிவிடுங்கள், அது நம் குடிநீர்.

பூஞ்சணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, தாய்மார்களே! நனைந்த மெத்தையிலும் பலகையிலும் இரண்டே நாளில் அது படரத் தொடங்கும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அதன் தூள் வீடெங்கும் பறந்து, இளைப்பு உள்ள பிள்ளைகளைப் படுத்தும். மூக்கை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடருடன் கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் நச்சுப்புகை உயிருக்கே ஆபத்தானது. பீரோவைச் சுவரை விட்டு நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். நனைந்த கிதாபுகளைக் கடும் வெயிலில் போடாமல், நிழலில் காற்றோட்டமாகத் தாள் தாளாக விரித்து உலர்த்துங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் முழங்காலளவு நீர் புகுந்தது. இம்முறை வர்ணத்தைச் சுரண்டியெடுத்து, சுவரை அப்படியே விட்டேன். நோன்புப் பெருநாளுக்கு வந்த உறவினர்கள் திட்டுத்திட்டான சுவரைப் பார்த்து முகம் சுளித்தார்கள். “சுவர் இன்னும் காயவில்லை, மாமி. அடுத்த மாதம் சுண்ணாம்பு அடிப்போம்” என்று என் துணைவியார் சொல்லிவிட்டு, வட்டிலப்பம் எடுத்து வர உள்ளே சென்றார்.