பூட்டிய வாயிலும் பின்கதவும்

சத்யஜித் ராயின் அபு முப்படங்களது மூலச் சுருள்கள் 1993இல் இலண்டன் தீவிபத்தில் கருகின. எஞ்சியவற்றை மீட்டெடுத்து, 2015இல் அப்படங்களுக்கு மறுவாழ்வு அளித்ததில் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயின் அதன் ஓடிடி தளம் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே கிடைக்கிறது. ராயை ஆராயும் இந்திய மாணவர், சந்தா செலுத்த ஆயத்தமாக இருந்தும் உள்ளே நுழைய இயலாது.

'விபிஎன் இருக்கிறதே' என்பர் நண்பர்கள். அவர்களது ஆற்றாமை எனக்கும் உண்டு. எனினும் அவ்வழி தளத்தின் விதிகளை மீறுவது; என்றும் அடைபடக்கூடியது. மேலும், எந்தத் தளத்தில் எந்தப் பதிப்பைக் கண்டோம் என்று ஆய்வேட்டில் எழுதக் கூசும் நிலையில் சான்றின் வலிமை குன்றுகிறது. வழிகாட்டியோ தேர்வாளரோ அதே காட்சியைச் சரிபார்ப்பது எங்ஙனம்?

ஆதலால் சந்தாவைத் தேர்வோர் படங்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காது, தம் ஆய்வுக்குரியவை இந்திய உரிமத்துடன் உள்ளனவா என்பதை முதலில் நோக்குக. மூபி போன்ற தளங்கள் இங்குக் கிடைப்பினும் அவற்றின் பட்டியல் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

தனியொருவரின் சந்தா இதற்குத் தீர்வாகாது. ஆய்விதழ்களுக்காக 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024இல் 6,000 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. திரைப்படமும் ஆய்வுக்குரிய மூலநூலே. அதற்கும் பல்கலைக்கழக நூலகங்கள் கூட்டாக உரிமம் கோருதல் வேண்டும். பின்கதவைத் தேடுவதினும் முன்வாயிலைத் தட்டுவதே நம் கடமை.