சத்தம் என்று சொன்னவர்களுக்கு



'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாட்டு ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் போட்டிருந்தேன். "ஒரே சத்தம்" என்றார் ஒருவர். "கொச்சைத் தமிழ், தமிழய்யாவே இதைப் பகிரலாமா?" என்றார் இன்னொருவர். "இந்தக் காலத்துல எதுக்கு மாமா சாதி?" என்று மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இவர்கள் யார் என்று தெரிந்துகொள்வோம். 2018 ஜனவரி 6, சபாக்களில் மார்கழிக் கச்சேரி நடந்துகொண்டிருந்த நேரம். கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் கோட் சூட் போட்டு மேடையேறினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. கானா, ராப், ராக் எல்லாம் கலந்த இசை. கிதாருக்குப் பக்கத்திலேயே பறையும் சட்டியும். பெயருக்கு மூலம், பண்டிதர் அயோத்திதாசர் சொன்ன 'சாதிபேதமற்ற' என்ற சொல்.

சத்தம் என்று சொன்ன அதே வீட்டுப் பிள்ளைதான் பெங்களூரில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ராக் கச்சேரி பார்க்கிறான். அமெரிக்காவில் ஃபுகாசி என்று ஒரு குழு. வாஷிங்டனில் தொடங்கியது. அந்த வகை இசைக்கு 'போஸ்ட் ஹார்ட்கோர்' என்று பெயர். கேட்டுப் பாருங்கள், காது அதிரும். ஏழைப் பிள்ளையும் வரட்டும் என்று டிக்கெட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருந்தார்கள். அதைக் கொள்கை என்று மெச்சுகிறோம். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினாரே, அதுவும் இதே கொள்கைதான். வெள்ளைக்காரன் கத்தினால் இசை, வியாசர்பாடிக்காரன் கத்தினால் சத்தமா?

நம் வீட்டில் சாவு விழுந்தால் பறைக்குத்தான் முதலில் ஆள் அனுப்புகிறோம். அடிப்பவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறோம். அப்போது யாருக்கும் காது வலிப்பதில்லை. அதே பறை வாசலை விட்டு மேடைக்குப் போனதும் வலிக்கிறது என்றால், வலி காதில் இல்லை. அப்பா பறை அடிப்பவர் என்பதை வகுப்பில் சொல்லக் கூசிய பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். அந்த மேடை அவர்களுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும்.

கொச்சைத் தமிழ் என்றவருக்கு: ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று பத்து நிமிடம் காது கொடுங்கள். பாதித் தெலுங்கு, மீதி இங்கிலீஷ் கலந்த தமிழ். நாம் பேசினால் பேச்சுவழக்கு, அவர்கள் பாடினால் கொச்சையா? தமிழ் நடத்தியவன் சொல்கிறேன், எழுத்துத் தமிழுக்கு உயிர் கொடுப்பதே பேச்சுத் தமிழ்தான்.

எதுக்குச் சாதி என்று கேட்டவருக்கு: வரன் பார்க்கும்போது நம் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி என்ன? அதை நிறுத்திவிட்டு வந்து அவர்களைக் கேளுங்கள். அவர்கள் இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். ஆண்களே கோலோச்சிய கானாவில் இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நம் பக்கத்து அரக்கோணத்துப் பிள்ளை அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையை 'எஞ்சாயி எஞ்சாமி'யில் கொண்டுவந்தார். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதற்கு ஆடினீர்கள். 2021இல் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அந்தப் பாட்டின் பெருமையைப் பேசி வெளியிட்ட அட்டையில் அவர் படம் இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. பாட்டு வேண்டும், பாட்டுக்காரன் வேண்டாம். இதற்குப் பெயர் என்ன?

பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். தாளம் நழுவுகிறது, வரிகள் பிரச்சாரமாக இருக்கின்றன, குரல் எடுபடவில்லை என்று சொல்லுங்கள். அது விமர்சனம், நானும் சேர்ந்து பேசுகிறேன். ஆனால் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பத்தே விநாடியில் அணைத்துவிட்டுச் 'சத்தம்' என்றால், நீங்கள் அணைத்தது பாட்டை அல்ல, அவர்கள் சொல்ல வந்ததை.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா,
ஊத்துக்கோட்டை