நன்றி போதுமா?

எழுதியோர் மூவர், இயக்கியவர் ஒருவர். புகழெல்லாம் மூவருக்கு, ஒருவருக்கோ நன்றி மட்டும்! இது நீதியா என்று கேட்கிறோம்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம். அங்கே மானியாக் எனும் கணிப்பொறி. வில்சுருளால் பிணைத்தாற்போன்ற துகள் வரிசையொன்றை அசைத்துவிட்டால், அந்த ஆற்றல் நாளடைவில் எல்லா அதிர்வுகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்றே பௌதிகப் பேரறிஞர்கள் எண்ணியிருந்தனர். பொறி தந்த விடையோ வேறு! பரவிய ஆற்றல், தொடங்கிய அதிர்வுக்கே ஏறத்தாழ முழுவதும் திரும்பிற்று. எண்ணம் தோற்றது, கணக்கு வென்றது. கணிப்பொறியே ஆய்வுக்கருவியாகும் புதுக்காலம் பிறந்தது.

1955ஆம் ஆண்டு வெளியான அறிக்கையை எழுதியவர்கள் ஃபெர்மி, பாஸ்தா, உலாம். அரை நூற்றாண்டுக் காலம் அந்தப் புதிர் அம்மூவர் பெயராலேயே வழங்கிற்று. பொறிக்குரிய ஆணைகளை வகுத்து, அதனை இயக்கி, விடையைப் பெற்றுத் தந்த மேரி சிங்கூவுக்கோ? பணிபுரிந்தோர் வரிசையிலே பெயர் உண்டு. எழுதியோர் வரிசையிலே இல்லை. அடிக்குறிப்பிலே ஒரு நன்றி!

"ஆணை எழுதுவது எடுபிடி வேலைதானே" என்பார் உளர். அவர்களைக் கேட்கிறோம்: அந்த ஆணையிலே ஒரு பிழை நுழைந்திருந்தால், உலகம் வியந்த விடை வெறும் தவறாகவன்றோ முடிந்திருக்கும்? எவருடைய கவனத்தின் மீது உண்மை நின்றதோ, அவர் ஆய்வாளர் இல்லையா?

சிந்திப்போர் மேல், செய்வோர் கீழ் எனும் பழைய பிரிவினை ஆய்வுக்கூடத்திலும் குடிபுகுந்தது. 2008இல் பிரெஞ்சு அறிஞர் தியரி தோசுவா அதைச் சுட்டிக்காட்டி, நான்காம் பெயரையும் சேர்க்கச் சொன்னார். பலர் சேர்த்தனர்.

தோழர்களே! விண்மீனையும் துகளையும் இன்று கணிப்பொறியிலே ஆராய்கிறார்கள். ஏட்டைப் புரட்டுகையில் அடிக்குறிப்பையும் படியுங்கள். நாம் கேட்பது நன்றியன்று, பெயர்!