மேடைக்கு அப்பால் ஒரு நடனப் பள்ளி: கதரின் டன்ஹம் விட்டுச்சென்ற பாடம்

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்திருக்கும் சிறு நகரம் ஈஸ்ட் சென்ட் லூயிஸ். தெற்கு மாநிலங்களின் இனக்கொடுமையிலிருந்தும் வறுமையிலிருந்தும் விடுபட எண்ணி, வேலை தேடி இந்நகருக்கு வந்த ஆபிரிக்க அமெரிக்கர்கள் மீது 1917ஆம் ஆண்டு யூலை மாதம் வெள்ளையினக் கும்பல்கள் பெரும் வெறியாட்டத்தை நடத்தின. அரச கணக்கின்படியே கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் தொகை 39. உண்மைத் தொகை நூறைத் தாண்டும் என்று கருதும் ஆய்வாளர்கள் உளர்.

அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 1967 இல், அதே நகரில் குடியேற ஒரு பெண்மணி முடிவு செய்தார். அப்போது ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. வசதியுள்ளோர் வெளியேறிக்கொண்டிருந்தனர். இளைஞர்கள் தெருக்குழுக்களாகப் பிரிந்து நின்றனர். வந்தவரோ ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அரங்குகளில் ஆடிப் புகழ்பெற்ற நடனக் கலைஞர், கதரின் டன்ஹம். நியூயோர்க்கிலோ பாரிசிலோ வசதியாக வாழ்ந்திருக்கக்கூடிய ஒருவர், எல்லோரும் விட்டு ஓடிய ஒரு நகரைத் தேர்ந்தெடுத்து அங்கே ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளியின் கதை, தம் பிள்ளைகளை வார இறுதிகளில் நடன வகுப்புகளுக்கு அழைத்துச் செல்லும் புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதையாகும்.

1909 இல் பிறந்த டன்ஹம், சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றவர். 1935 இல் ஆய்வு உதவித்தொகை பெற்று கரிபியன் தீவுகளுக்குச் சென்றார். யமேக்கா, மார்ட்டினிக், ட்ரினிடாட், ஹெயிட்டி ஆகிய நாடுகளில், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்னமும் பேணிவந்த ஆடல்களையும் சடங்குகளையும் அவர்களோடு வாழ்ந்து கற்றார். நாகரிக உலகம் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிவைத்திருந்த ஹெயிட்டிக் கிராமத்தவரின் ஆட்டங்களில் செம்மையான இலக்கணமும் ஆழ்ந்த வரலாறும் இருப்பதை அவர் கண்டார். அந்த உடலசைவுகளையும் மேலைநாட்டு பாலே நடனப் பயிற்சியையும் இணைத்து அவர் வகுத்த பயிற்சிமுறை இன்றும் 'டன்ஹம் முறை' என்னும் பெயரால் கற்பிக்கப்படுகின்றது.

இதன் பெறுமதியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் ஒரு வரலாற்று உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். 1739 இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதையே தடைசெய்தது. முரசு பறிக்கப்பட்ட மக்கள் கைதட்டியும் தொடையில் அறைந்தும் பாதங்களால் நிலத்தை மிதித்தும் தம் தாளத்தைக் காத்துக்கொண்டனர். மொழியும் பெயரும் பறிக்கப்பட்ட ஓர் இனத்திற்கு உடலே ஏடாக நின்றது. ஆகவே, அம்மக்களின் பிள்ளைகளுக்கு ஆடல் கற்பிப்பது பொழுதுபோக்கைக் கற்பிப்பதன்று. பறிபோன வரலாற்றை மீட்டுக் கையளிப்பதாகும்.

டன்ஹம் தம் கலையை அரசியலிலிருந்து பிரித்து வைத்தவரும் அல்லர். 1944 இல் கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நிகழ்ச்சி முடிந்ததும், கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் சேர்ந்து அமர அனுமதிக்கப்படும்வரை அந்த அரங்கிற்கு மீண்டும் வரப்போவதில்லை என்று மேடையிலிருந்தே அறிவித்தார். கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிக் கொல்லும் கொடுமையைச் சித்திரிக்கும் 'சவுத்லாண்ட்' என்னும் நடன நாடகத்தை 1951 இல் சிலி நாட்டில் அரங்கேற்றினார். வெளிநாட்டில் தம் நாட்டின் மானத்தை வாங்கிவிட்டதாக அமெரிக்க அதிகாரிகள் சினம் கொண்டனர். அதற்கான விலையை அவர் பின்னர் கொடுக்க நேர்ந்தது.

இத்தகைய ஒருவர்தான் 1967 இல் ஈஸ்ட் சென்ட் லூயிசுக்கு வந்தார். வந்த புதிதில் ஓர் இளைஞரின் கைதைத் தட்டிக்கேட்டதற்காக அவரும் சிறைக்கூண்டில் அடைக்கப்பட்டார். அஞ்சி ஓடாத அந்தப் பெண்மணியை அந்நகரின் இளைஞர்கள் அன்றே நம்பத் தொடங்கினர். தென் இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் ஆதரவோடு அவர் அங்கே அரங்கக் கலைகள் பயிற்சி நிலையத்தை நிறுவினார். அங்கு நடனம் மாத்திரம் கற்பிக்கப்படவில்லை. ஆபிரிக்க முரசு, நாடகம், தற்காப்புக் கலை என்பனவும், அவற்றோடு ஆபிரிக்க, கரிபியன் மக்களின் பண்பாடும் பாடங்களாயின. நடனம் பெண்பிள்ளைகளுக்குரியது என்று எள்ளி நகையாடிய இளைஞர்கள் முரசைத் தேடி வந்தனர். முரசு கற்க வந்தவர்கள், அது பேசும் வரலாற்றையும் கற்க நேர்ந்தது. 1977 இல் அவர் தம் பயணங்களில் திரட்டிய கலைப்பொருட்களைக் கொண்டு அதே நகரில் ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. பெருநகரங்களின் செல்வந்தர்கள் பார்க்க வேண்டிய பொருட்களை ஓர் ஏழை நகரின் சிறுவர்கள் தம் தெருவிலேயே பார்த்தனர்.

இந்தப் பள்ளி அந்நகரைக் காப்பாற்றிவிட்டதா என்று கேட்போர் உளர். நேர்மையாகச் சொல்வதாயின், இல்லை. 1950 இல் 80,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஈஸ்ட் சென்ட் லூயிசில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எஞ்சியிருந்தோர் 20,000க்கும் குறைவு. மூடப்பட்ட ஆலைகளை நடனத்தால் திறக்க முடியாது. மானியங்களை நம்பியிருந்த நிலையம் நிதி நெருக்கடியையும் அடிக்கடி சந்தித்தது. ஆயினும், ஒரு பள்ளியின் வெற்றியை ஒரு நகரத்தின் பொருளாதாரத்தைக் கொண்டு அளப்பது முறையன்று. தெருவில் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டிருந்தோர் ஒரே தாளத்திற்கு அருகருகே நின்று ஆடக் கற்றனர் என்பதும், தமது முன்னோர் அடிமைகளாக மட்டும் இருந்தவர்கள் அல்லர் என்று ஒரு தலைமுறை அறிந்துகொண்டது என்பதும் சிறிய விடயங்கள் அல்ல.

டன்ஹம் தம் வாழ்வின் மிகப் பெரிய பாடத்தை ஆடாமலே கற்பித்தார். 1991 செப்ரெம்பரில் ஹெயிட்டியில் இராணுவப் புரட்சி வெடித்தது. மக்களால் தெரிவுசெய்யப்பட்ட அதிபர் அரிஸ்ரீட் நாடுகடத்தப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் சிறு படகுகளில் கடலில் இறங்கினர். அமெரிக்கக் கடலோரக் காவற்படை அவர்களை நடுக்கடலில் மறித்தது. 1992 பெப்ரவரியில் அவர்களைப் பலவந்தமாகத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியபோது, 82 வயதான டன்ஹம் ஈஸ்ட் சென்ட் லூயிசில் உண்ணாநோன்பில் அமர்ந்தார். நாடுகடந்து வாழ்ந்த அரிஸ்ரீட்டே நேரில் வந்து வேண்டிக்கொண்ட பின்னர்தான், 47 நாட்களின் பின் நோன்பை முடித்தார். எந்த மக்களிடமிருந்து தம் கலையைப் பெற்றாரோ, அந்த மக்கள் கடலில் தத்தளித்தபோது அவர் தம் உடலை வருத்திக் கடன் தீர்த்தார். கலையைப் பெற்றுக்கொள்வது ஒரு பொறுப்பையும் ஏற்பதாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படகில் வந்தோரைத் திருப்பி அனுப்புவது பற்றிய இச்செய்தி தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. 1986 ஓகஸ்ட் மாதம் 155 ஈழத்தமிழர் இரு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்தபோது அவர்களைக் கரைசேர்த்தோர் அப்பகுதி மீனவர்கள். அவ்வாறு வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சலங்கை கட்டி ஆடுகின்றனர். இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த ஆடலோடு அவர்களுக்கு என்ன கற்பிக்கப்படுகின்றது என்னும் கேள்வியை டன்ஹமின் பள்ளி எழுப்புகின்றது.

பல குடும்பங்களில் நடனக் கல்வி அரங்கேற்றத்தோடு முற்றுப்பெற்றுவிடுகின்றது. மண்டபமும் பட்டும் நகையும் விருந்துமாக ஒரு நாளில் பெருந்தொகை செலவாகின்றது; மறு ஆண்டு சலங்கை பெட்டிக்குள் போய்விடுகின்றது. தாம் ஆடும் பரதநாட்டியத்தைச் 'சதிர்' என்னும் பெயரில் பல தலைமுறைகளாகக் காத்துவந்தவர்கள் இழிவுபடுத்தப்பட்ட பரம்பரைக் கலைஞர் குடும்பங்களின் பெண்கள் என்பதையோ, காலப்போக்கில் அக்கலை வேறு கைகளுக்கு மாறியபோது அப்பெண்கள் மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டனர் என்பதையோ எத்தனை மாணவியர் அறிவர்? பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், படித்தோர் புறக்கணித்த கிராமியக் கூத்தை அண்ணாவிமாரிடம் கற்று மேடையேற்றியமை, டன்ஹம் ஹெயிட்டியில் செய்ததற்கு ஒப்பானது. அந்தக் கூத்தின் ஆட்டங்களைப் புலம்பெயர் நாடுகளின் வகுப்புகள் எத்தனையில் காண முடிகின்றது? சாவு வீட்டோடு சேர்த்து ஒதுக்கிவைக்கப்பட்ட பறை, தன் பிள்ளை கற்க வேண்டிய இசைக்கருவி என்று கருதும் பெற்றோர் எத்தனை பேர்?

பிற நாட்டில் வேலையும் வீட்டுக்கடனுமாக ஓடும் பெற்றோருக்கு வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுசென்று விடுவதே பெரும்பாடு என்பது உண்மை. அவர்களிடம் இன்னொரு சுமையை ஏற்றுவது இங்கு நோக்கமன்று. ஆசிரியர்களும் ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் மனம்வைத்தால் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் அக்கலையின் வரலாற்றுக்கு ஒதுக்கப்படலாம். கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கென ஒவ்வொரு வகுப்பிலும் சில இடங்கள் வைக்கப்படலாம். அரங்கேற்றச் செலவின் ஒரு பங்கு அதற்குப் போதும். ஆண்பிள்ளைகளைக் கூத்தும் பறையும் அழைத்துவரக்கூடும். அயலில் வாழும் பிற இன மக்களின் கலைப் பள்ளிகளோடு சேர்ந்து மேடையேறலாம். ரொறன்ரோவில் தமிழருக்கு அயலவராகக் கரிபியன் மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். டன்ஹம் தேடிச் சென்று கற்ற ஆடல்கள் அம்மக்களுடையவை என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் அறிவது நன்று.

இளையோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரங்கேற்றம் முடிந்த பின்னரும் கேள்விகளை முடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த அடவு எங்கிருந்து வந்தது, இதை ஆடியவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது, இன்று அவர்களைப் போன்றோர் எங்கே தவிக்கின்றனர் என்று கேட்கும் மாணவி, பெற்றோரையும் ஆசிரியரையும் தேடிப் படிக்க வைப்பாள். ஒரு மாணவியின் கேள்வி ஒரு வகுப்பையே மாற்றிவிட வல்லது.

கதரின் டன்ஹம் 2006 மே 21 அன்று தமது 96ஆவது வயதில் மறைந்தார். அவர் பெற்ற விருதுகள் பல. ஆனால் அவரது பெருமை அவ்விருதுகளில் இல்லை. கைவிடப்பட்ட ஒரு நகரில் முரசறையக் கற்ற சிறுவர்களிடமும், கடலில் மறிக்கப்பட்ட அகதிகளுக்காக உணவை மறுத்த அந்த 47 நாட்களிலும் அது இருக்கின்றது. பிள்ளையின் காலில் சலங்கை கட்டும் பெற்றோர், சலங்கையோடு சேர்த்து அந்தப் பொறுப்பையும் கட்டிவிடுவார்களாயின், புலம்பெயர்ந்த மண்ணில் தமிழர் கலை வெறும் விழா நிகழ்ச்சியாகச் சுருங்கிப்போகாது.