வீட்டுக்கொரு டெக்: கம்பெனி கைமாறினால் உங்கள் மெயில்பாக்ஸ் எங்கே போகும்?

'சனிக்கிழமை இரவு முதல் ஞாயிறு மாலை வரை மெயில் வேலை செய்யாது. திங்கள் காலை புதிய பாஸ்வேர்டுடன் லாகின் செய்யவும்.'

ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிய சில மாதங்களில், ஊழியர்களின் இன்பாக்ஸில் இப்படி ஓர் அறிவிப்பு வந்து விழும். பெரும்பாலானவர்கள் படித்துவிட்டு, 'ஐடி டீம் பார்த்துக்கும்' என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். மெயிலை ஐடி டீம் பார்த்துக்கொள்ளும்தான். ஆனால், அந்த மெயில் ஐடியை நம்பி நீங்கள் கட்டிவைத்திருக்கும் வருமான வரிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட், மெடிக்ளெய்ம் பாலிசி, பிள்ளையின் ஸ்கூல் ஆப்... இவற்றையெல்லாம் யார் பார்த்துக்கொள்வார்கள்? நீங்கள்தான்!

கம்பெனி கைமாறுவது இன்று அபூர்வமான விஷயமல்ல. 2020 ஏப்ரல் 1 அன்று 10 பொதுத்துறை வங்கிகள் 4 ஆகச் சுருங்கின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி சேர்ந்தது அப்போதுதான். 2023 ஜூலை 1-ல் ஹெச்.டி.எஃப்.சி நிறுவனம் ஹெச்.டி.எஃப்.சி வங்கியோடு இணைந்தது. 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு ஒன்றானது. இப்படி ஒவ்வொரு இணைப்பின்போதும் பெயர்ப்பலகை மாறுவதுதான் வெளியே தெரியும். உள்ளே கணக்கு, சம்பளப் பட்டியல், மெயில் என்று பல விஷயங்களை ஒன்று சேர்த்தாக வேண்டும். அதில் எல்லோருடைய கண்ணிலும் முதலில் படுவது மெயில்.

ஒரே அப்பார்ட்மென்ட், வேறு வேறு வீடு

"ரெண்டு கம்பெனியும் மைக்ரோசாஃப்ட் 365 தானே பயன்படுத்துது? அப்புறம் மாத்தறதுல என்ன கஷ்டம்?" என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடை ஒரு பெரிய அப்பார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதில் ஒரு தனி வீடு உண்டு. அந்த வீட்டை 'டெனன்ட்' என்கிறார்கள். தமிழில் சொன்னால், குடித்தனம். ஒரே கட்டடம் என்பதற்காகப் பக்கத்து வீட்டு பீரோவை நாம் திறக்க முடியாது இல்லையா? அப்படித்தான் ஒரு டெனன்ட்டில் இருக்கும் மெயில்பாக்ஸை இன்னொரு டெனன்ட்டுக்குத் தானாகத் தள்ள முடியாது. இரண்டு வீட்டுச் சாவிக்காரர்களும், அதாவது இரண்டு பக்க அட்மின்களும், அனுமதி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் தனியாக லைசென்ஸ் கட்டணமும் உண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மெயில் ஐடியில் '@' குறிக்குப் பிறகு வரும் நிறுவனப் பெயரை 'டொமைன்' என்பார்கள். ஒரு டொமைன் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டெனன்ட்டில்தான் இருக்க முடியும். பழைய வீட்டுக் கதவில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றினால்தான் புதிய வீட்டில் மாட்ட முடியும். அதைக் கழற்றுவதும் லேசில்லை. அங்கே ஒரே ஒரு குரூப் மெயில் ஐடியில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும், சிஸ்டம் 'முடியாது' என்று சொல்லிவிடும். ஆயிரக்கணக்கான ஐடிகள் உள்ள கம்பெனியில் அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் அட்மினுக்கு விடிந்துவிடும்.

சனி இரவு என்ன நடக்கிறது?

சாமான்களை எல்லாம் ஒரே இரவில் ஏற்றுவதில்லை. பல நாள்களுக்கு முன்பே பழைய மெயில்களை நகல் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த முறையில் முதல் நகல் 95 சதவிகிதத்தில் வந்து நிற்கும். அதன் பிறகு புதிதாக வரும் மெயில்களை மட்டும் அவ்வப்போது சேர்த்துக்கொண்டே இருக்கும். கடைசி நாளில் மீதியையும் நகர்த்திவிட்டுப் பூட்டைத் திறந்துவிடுவார்கள்.

பெயர்ப்பலகை கழற்றப்பட்டு, மறுபக்கம் மாட்டப்படும் அந்த இடைவெளியில் உங்களுக்கு யாராவது மெயில் அனுப்பினால்? பழைய வீட்டில் போய்த் தட்டினால், 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று மெயில் திரும்பிப் போய்விடும். அதனால், விவரமான ஐடி டீம் மெயில் வரும் வழியைத் தற்காலிகமாக ஒரு காத்திருப்புச் சேவைக்குத் திருப்பிவிடும். தபால் ஆபீஸில் 'என் தபாலைப் பிடித்து வையுங்கள்' என்று எழுதிக் கொடுப்பதுபோலத்தான். புதிய வீடு தயாரானதும் எல்லாம் மொத்தமாக வந்து சேரும். திங்கள் காலையில் சனிக்கிழமை மெயில் 'புதிதாக' வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கூடவே வராதவை

மெயில், காலண்டர், கான்டாக்ட் மூன்றும் வந்துவிடும். ஆனால், சில விஷயங்கள் வராது. வராது என்பது பல நேரம் திங்கட்கிழமைதான் தெரியவரும்.

முதலில், டீம்ஸ் சாட். மெயில்பாக்ஸை மாற்றும்போது அது தானாகக் கூட வருவதில்லை. 'அன்னிக்கு சாட்ல சொன்னாரே' என்று தேடினால் காலியாக இருக்கலாம்.

அடுத்தது, லிங்க். ஃபைலை நேரடியாக இணைக்காமல் ஒன்டிரைவ் லிங்காக அனுப்பியிருந்தால், மெயில் வந்து சேரும். ஆனால், உள்ளே இருக்கும் லிங்க் பழைய வீட்டைத்தான் காட்டும். அந்த வீட்டை மூடிவிட்டால், லிங்க்கும் அவ்வளவுதான். பழைய கம்பெனியின் சாவியால் பூட்டி அனுப்பப்பட்ட 'என்க்ரிப்டட்' மெயில்களும் புதிய இடத்தில் திறக்காமல் போகலாம்.

மூன்றாவது, பலரையும் குழப்பும் ஒரு விஷயம். சக ஊழியர் போன மாதம் அனுப்பிய மெயிலுக்கு 'ரிப்ளை' போட்டால் திரும்பி வருகிறது. அவருக்கே புதிதாக மெயில் எழுதினால் போய்ச் சேருகிறது! காரணம், ஒரே நிறுவனத்துக்குள் மெயில் அனுப்பும்போது அவுட்லுக் வெளியே தெரியும் ஐடியைப் பயன்படுத்துவதில்லை. உள்ளே ஒரு ரகசிய முகவரி வைத்திருக்கிறது. வீடு மாறியதும் அந்த முகவரியும் மாறிவிடும். பழைய முகவரியையும் புதிய வீட்டில் பதிந்துவைக்க அட்மின் மறந்துவிட்டால், பழைய மெயில்களுக்கான பதிலெல்லாம் திரும்பி வரும். உங்களுக்கு இப்படி நடந்தால் பதற வேண்டாம். டூ பகுதியில் தானாக வரும் பெயரை நீக்கிவிட்டு, முழு ஐடியையும் டைப் செய்து அனுப்புங்கள். கையோடு ஐடி டீமிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் சரிசெய்துவிட்டால் எல்லோருக்கும் சரியாகிவிடும்.

நான்காவது, மொபைல். போனிலிருந்து பழைய ஆபீஸ் அக்கவுன்ட்டை நீக்கச் சொல்வார்கள். அந்த அக்கவுன்ட்டில் சேமித்த போன் நம்பர்களும் அதோடு போய்விடும். அம்மாவின் டாக்டர் நம்பரை எந்த அக்கவுன்ட்டில் சேமித்தீர்கள் என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

பெயர் யாருடையதோ, முகவரி அவர்களுடையது

இந்தியாவில் அண்மையில் நடந்த பெரிய மெயில் இடமாற்றம் மத்திய அரசில்தான். தேசிய தகவலியல் மையமான என்.ஐ.சி தன் சொந்த அமைப்பில் நடத்திவந்த மெயில் சேவை, ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது. பிரதமர் அலுவலகம் உட்பட சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மெயில்கள் மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியானது. இத்தனை பேர் மாறியும், அரசு மெயில் ஐடிகள் அப்படியே இருக்கின்றன. வீடுதான் மாறியது, டொமைன் அரசின் கையிலேயே இருக்கிறது.

சொந்தமாகத் தொழில் செய்பவர்களும் கவனிக்க வேண்டிய இடம் இது. கடையின் பெயரில் வெப்சைட்டும் மெயிலும் வைத்திருப்பீர்கள். அந்த டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரிலா, உங்கள் பெயரிலா? அவர் பெயரில் இருந்தால், நாளை கூகுளிலிருந்து ஜோஹோவுக்கோ மைக்ரோசாஃப்ட்டுக்கோ மாற நினைக்கும்போது, அவர் தயவில்லாமல் ஓர் அடியும் நகர முடியாது. இன்றே கேட்டு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கல்லூரி முடிக்கும் பிள்ளைகளுக்கு

கம்பெனி மட்டுமல்ல, கல்லூரி தரும் மெயிலும் இதே கதைதான். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாத இடம் கொடுத்துவந்த கூகுள், ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று வரம்பு வைக்கப்போவதாக 2021-ல் அறிவித்தது. 2022-ல் அது நடைமுறைக்கும் வந்தது. இடத்துக்கு அளவு வந்துவிட்டால், படித்து முடித்தவர்களின் அக்கவுன்ட்டுகள்தான் முதலில் கணக்கில் வரும்.

புராஜெக்ட் ரிப்போர்ட், இன்டர்ன்ஷிப் கடிதம், நண்பர்களோடு எடுத்த படங்கள் என எல்லாம் அங்கேதான் இருக்கும். இதற்காகவே கூகுள் டேக்அவுட்டில் ஒரு வசதி இருக்கிறது. கல்லூரி அக்கவுன்ட்டிலிருந்து மெயிலையும் டிரைவ் ஃபைல்களையும் நேரடியாக சொந்த ஜிமெயிலுக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி அட்மின் அதை அனுமதித்திருக்க வேண்டும், அக்கவுன்ட் உயிரோடும் இருக்க வேண்டும். நகல் முடிய சில நாள்கள்கூட ஆகலாம். அதனால், கடைசிப் பரீட்சை முடிந்த அன்றே தொடங்கிவிடுவது நல்லது.

உங்கள் வீட்டுப்பாடம்

நிறுவனங்கள் ஒரு மெயில்பாக்ஸை நீக்கிவிட்டால், மைக்ரோசாஃப்ட்டில் பொதுவாக 30 நாள்கள்வரை மீட்கலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாள்கள். அதையும் அட்மின்தான் செய்ய முடியும், நீங்கள் அல்ல. வேலையை விட்ட பிறகு எத்தனை பேருக்கு அந்த அட்மினின் போன் நம்பர் தெரியும்? எனவே, முன்கூட்டியே செய்யவேண்டியவை இவை:

* ஆபீஸ் மெயிலில் 'ஓடிபி', 'ஸ்டேட்மென்ட்', 'பாலிசி', 'பாஸ்வேர்டு' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எந்தெந்தக் கணக்கு அந்த ஐடியில் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

* வருமான வரி இணையதளம், வங்கி, டீமேட், மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றில் சொந்த மெயில் ஐடியைக் கொடுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் மீட்கும் லிங்க் பழைய ஐடிக்குத்தான் போகும். அந்த ஐடி உயிரோடு இருக்கும்போதே மாற்றுவது சுலபம்.

* ஃபார்ம் 16, சம்பள ஸ்லிப், பணி நியமனக் கடிதம், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கார்டு ஆகியவற்றை டவுன்லோடு செய்து வையுங்கள். வீட்டுக்கடனுக்குப் போகும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான்.

* கம்பெனியின் ஃபைல்கள், வாடிக்கையாளர் விவரங்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ஆபீஸ் மெயில்பாக்ஸ் கம்பெனியின் சொத்து. உங்கள் காகிதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் ஹெச்.ஆரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

* லாகினுக்கு வைத்திருக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் புதிய நிறுவனத்துக்காக மறுபடியும் பதிய வேண்டியிருக்கும். மாற்றம் நடக்கும் வாரத்தில் போனை மாற்றுவது, ரீசெட் செய்வது வேண்டாம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கம்பெனி கைமாறும் செய்தி வந்தாலே மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். 'உங்கள் மெயில்பாக்ஸ் மாற்றப்படுகிறது, இங்கே கிளிக் செய்து பாஸ்வேர்டை உறுதிசெய்யாவிட்டால் மெயில்கள் அழிந்துவிடும்' என்று அச்சு அசலாக ஐடி டீம் அனுப்பியதுபோலவே மெயில் வரும். உண்மையான ஐடி டீம் மெயிலில் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்காது. லிங்கைத் தொடாமல், உங்கள் ஆபீஸ் ஹெல்ப் டெஸ்க்கின் நம்பருக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், உடனே அதை மாற்றிவிட்டு ஹெல்ப் டெஸ்க்கில் சொல்லுங்கள். பணமும் போயிருந்தால், 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் அழையுங்கள்.