சோபாவை எடுங்கள்

மெட்டாலிக்கா முதன்முதலாக அபுதாபிக்கு வந்தது 2011 அக்டோபர் 25ஆம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மதியமே தலைவலி என்று பொய் சொல்லி அலுவலகத்திலிருந்து கிளம்பினேன். துபாயிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் காரோட்டி யாஸ் தீவுக்குப் போய், கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்றேன். திருச்சியில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், தில்லைநகர்க் கடையொன்றில் வெற்று டி.டி.கே. கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்து மூன்று நாள் காத்திருந்து பதிவுசெய்து வாங்கியவன் நான். நாடா தேய்ந்து, ஓரிடத்தில் பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். அந்தத் தேய்மானத்தோடுதான் அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்.

விளக்குகள் அணைந்தன. 1966இல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்துக்கு என்னியோ மொரிக்கோனே அமைத்த இசை ஒலித்தது. 1983இலிருந்து மெட்டாலிக்கா மேடையேறுவது அந்த இசையோடுதான். என் இடப்பக்கம் லெபனான்காரர் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். வலப்பக்கம் ஒரு பிலிப்பினோ கூட்டம் கிடார் கலைஞர் கிர்க் ஹாமெட்டின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தது. ஹாமெட்டின் தாய் பிலிப்பினோ. அவர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை. யாரும் யாரையும் ‘எந்தக் கம்பெனி, எந்த கிரேடு’ என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எழாத இடம் என்று நான் கண்டது அந்த இரண்டு மணி நேரம்தான்.

இந்த வளைகுடாவுக்கு நான் நன்றியுள்ளவன். மூன்று நாள் கழித்து குர்கானில் நடக்கவிருந்த அவர்களுடைய நிகழ்ச்சி ரத்தானது. ஆத்திரமடைந்த கூட்டம் மேடையை அடித்து நொறுக்கியது. 30ஆம் தேதி பெங்களூரில் நடந்தது. சென்னைக்கு அவர்கள் வந்ததே இல்லை. ஊர் தராததை இந்த மணல் தந்தது. நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குகிறேன். சண்டை இந்த நாட்டோடு அல்ல, நம்மோடு.

அன்று அந்த வரிசையில் என்னைவிடப் பெரிய ரசிகன் ஒருவன் நிற்கவில்லை. அவனை எனக்கு 2009 கோடையிலிருந்து தெரியும். நான் குடியிருந்த கட்டடத்துக்கு ஏசி பழுதுபார்க்க வருவான். புதுக்கோட்டைப் பக்கம், பாலிடெக்னிக் படித்தவன். முதல்நாள் ஏணிமேல் நின்று வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என் ஸ்பீக்கரில் மெல்லிய கிடார் ஒன்று தொடங்கியது. இரண்டு நொடி இருக்கும். கை அப்படியே நின்றது.

“சார், இது பேட்டரி பாட்டுக்கு முன்னாடி வர்ற கிடார்தானே?”

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு அது. இடி விழுவதற்கு முன் வருகிற அமைதி. அதை வைத்துப் பாட்டைப் பிடிக்க நூறு முறையாவது கேட்டிருக்க வேண்டும். இறங்கி வந்ததும் பேசத் தொடங்கினோம். அன்றைக்கே சார் போய் அண்ணே ஆகிவிட்டேன். 1988 ஆல்பத்தைப் பற்றி அவன் சொன்னது இன்னும் மறக்கவில்லை. “அதுல பேஸ் கிடாரே கேக்காதுண்ணே. பழைய ஆளு கிளிஃப் பர்ட்டன் பஸ் விபத்துல செத்துட்டான். புதுசா வந்தவன் வாசிச்சத அமுக்கிட்டாங்க. நம்ம கம்பெனி மாதிரிதான், புதுசா வந்தவன் என்ன செஞ்சாலும் வெளிய தெரியாது.” ராக் இசை விமர்சகர்கள் பத்திகணக்கில் எழுதியதை அவன் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே முடித்துவிட்டான்.

2011இல் இரண்டு டிக்கெட் வாங்கினேன். அவன் சிரித்தான். “காசு நீங்க குடுத்துட்டீங்கண்ணே. செவ்வாக்கெழம லீவு யாரு குடுப்பா? ராத்திரி கேம்புக்கு யாரு கொண்டாந்து விடுவா?” இரண்டாவது டிக்கெட் வீணானது. எனக்கு வாய்த்த தலைவலி அவனுக்கு வாய்க்காது. மாதச் சம்பளக்காரனின் தலைவலியை அலுவலகம் நம்பும். அவனுடையதென்றால் ஒருநாள் கூலி போகும்.

இதுவரை சொன்னதில் நான் நல்லவன். இனிமேல் சொல்வதில் அப்படி இல்லை.

சில வருடங்கள் கழித்து, நான் உறுப்பினராக இருந்த ஒரு தமிழ் அமைப்பு திரையிசை இரவு ஒன்றை நடத்தியது. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அந்த அரங்கின் வரைபடம் தெரியும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் புதிதாக இருக்காது என்றே நினைக்கிறேன். முதல் ஆறு வரிசை வெள்ளைச் சோபா. ஒவ்வொன்றின் முன்னும் சின்ன மேசை, அதில் தண்ணீர் பாட்டில், டிஷ்யூ பெட்டி. அதற்குப் பின் துணி போர்த்திய நாற்காலி. அதற்கும் பின் பிளாஸ்டிக் நாற்காலி. கடைசியில் இரும்புத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கேம்புகளிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள்.

அவன் மாலையே வந்து ஒயர் இழுக்க உதவினான், சம்பளமில்லாத வேலை. பாட்டு தொடங்கியது. சோபாவில் ஈ, காக்கை இல்லை. கிடார் வாசிப்பவரின் விரலைப் பார்க்க அவன் சோபா வரிசையின் ஓரமாக வந்து நின்றான். உட்காரக்கூட இல்லை, நின்றான். ஒரு குழு உறுப்பினர் போய் அவன் தோளைத் தொட்டு, “தம்பி, இங்க வேணாம், விஐபி வர்ற நேரம், பின்னாடி போயிரு” என்றார். அந்த உறுப்பினர் நான்தான்.

அவன் கோபப்படவில்லை. காலிச் சோபாக்களை ஒருமுறை பார்த்தான். “சரிண்ணே. சோபா நல்லாக் கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

விஐபிகள் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். பாட்டை நடுவில் நிறுத்தினோம். பொன்னாடை, நினைவுப் பரிசு, மூவர் உரை. மீண்டும் பாட்டு தொடங்கி நாலாவது பாட்டில் அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார்கள். பாடகர் ‘கைதட்டுங்கள்’ என்றார். பக்கத்திலிருந்த சோபாவில் சத்தமில்லை. தொலைவிலிருந்த தடுப்புக்குப் பின்னாலிருந்து கடல்போல எழுந்தது. எழுந்து ஆடியவர்களை உட்காரச் சொல்லிக் காவலர்களை அனுப்பினோம். ஒரு பாட்டுக் கச்சேரிக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை எதிரிகூடச் செய்ய முடியாது.

இதை எழுதினால் என்ன பதில் வரும் என்று தெரியும். முதலாவது: “ஸ்பான்சர் இல்லாமல் விழா இல்லை, சோபா இல்லாமல் ஸ்பான்சர் இல்லை.” பணம் கொடுப்பவருக்கு மரியாதை செய்யுங்கள், யார் வேண்டாமென்றது? திரையில் பெயர் போடுங்கள், அழைப்பிதழில் போடுங்கள், மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்குப் போடுங்கள். அவருக்கு வேண்டியது விளம்பரம். காலியான சோபாவால் அவருக்கு என்ன விளம்பரம்? முதியவர்களுக்கும் நிற்க முடியாதவர்களுக்கும் நல்ல இருக்கை வேண்டும். அது பக்கவாட்டில் இருக்கட்டும், முதலில் ஒதுக்குங்கள். மற்றபடி முன்வரிசையை விலைக்கு விற்பது வேறு, பதவிக்கு விற்பது வேறு. நாம் இரண்டையும் சேர்த்துச் செய்கிறோம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் இலக்கியமாக வரும்: “ராக் கச்சேரி வெள்ளைக்காரன் கூச்சல். அதை அளவுகோலாக வைத்து நம் விழாவை அளக்கலாமா?” வயலினும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான், பாலுசுவாமி தீட்சிதர் எடுத்து வாசித்தபின் அது இல்லாமல் இங்கே கச்சேரியே இல்லை. நான் ராக்கிலிருந்து கேட்பது வாத்தியத்தை அல்ல, வரிசையை. இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படித்தபோது நின்று பார்க்கும் அரங்குகளுக்குப் போவேன். யார் முதலில் வந்து மழையில் நின்றார்களோ அவர்களே முன்னால். சலவைக்கடையில் பகுதிநேர வேலை பார்த்த என் முன்னால் எந்தச் சோபாவும் இருந்ததில்லை. நேரத்தைக் கொடுத்தவனுக்கு இடம் என்பதுதான் அந்த அரங்கின் ஒரே சட்டம்.

அந்தச் சட்டம் அங்கேயும் தேய்கிறது என்பதை மறைக்கவில்லை. 2025 டிசம்பரில் மெட்டாலிக்கா மீண்டும் அபுதாபி வந்தது. இம்முறை பார்முலா ஒன் கார்ப் பந்தயத்தை ஒட்டிய நிகழ்ச்சிகளில் ஒன்றாக. அந்த நிகழ்ச்சிகளுக்குத் தனி டிக்கெட் கிடையாது. பந்தய டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும். மேடைக்கு அருகில் நிற்க வேண்டுமென்றால் ‘கோல்டன் சர்க்கிள்’ என்று மேலும் பணம். 1991 செப்டம்பரில் மாஸ்கோவின் துஷினோ விமானத் திடலில், சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்த நேரத்தில், லட்சக்கணக்கானோர் முன்னால் நுழைவுக் கட்டணமே இல்லாமல் நடந்த நிகழ்ச்சியில் வாசித்த அதே குழு இது. பந்தயக் காருக்கு ஒட்டிய வாலாக அவர்களைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை; போகவில்லை.

ஆனால் அவர்களைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள், அதை மறைப்பதுமில்லை. நாம் செய்வதற்குப் பெயர் ‘தமிழ்த் தொண்டு’. வியாபாரிகளே சிலசமயம் நம்மைவிட நன்றாக யோசிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அபுதாபி ஸயித் விளையாட்டு அரங்கில் நான்கு இரவு வாசித்த கோல்ட்பிளே குழு, அந்தச் சுற்றுப்பயணத்தில் ‘இன்பினிட்டி டிக்கெட்’ என்று ஒன்று வைத்திருந்தது. சுமார் இருபது டாலருக்கு இணையான விலை. இடம் எங்கே என்று முன்கூட்டித் தெரியாது. மேடைக்குப் பக்கத்திலும் விழலாம். எண்ணிக்கை கொஞ்சம்தான். ஆனாலும் ஏழையின் இடம் கடைசி வரிசைதான் என்று முன்பே எழுதிவைக்கவில்லை.

நம் ஊரிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பின் நடுவில், டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு கலைவிழா தொடங்கினார்கள். கர்நாடக இசையும் பறையும் ஒரே விழாவில். கட்டணமில்லை, யாரும் வரலாம். சபாவின் ஏசிக்குள் பிறந்ததுபோல நாம் நினைக்கும் இசை கடற்காற்றில் செத்துவிடவில்லை. நம் பழைய கோயில் ஊர்வலத்திலும் நாயனக்காரருக்குப் பக்கத்தில் நடப்பவனுக்கே நாயனம் நன்றாகக் கேட்கும் என்று பெருமை பேசலாம்தான். ஆனால் ஊர்வலம் நுழையாத தெருக்கள் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தெருக்கோடுதான் கடல் கடந்து வந்து நம் அரங்கில் இரும்புத் தடுப்பாக நிற்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஊரில் பிறப்பைக் கேட்டோம்; இங்கே விசாவில் இருக்கும் வேலைப்பெயரைக் கேட்கிறோம்.

ரசிகன் என்ற சொல்லை நாம் கேலிச்சொல்லாக்கிவிட்டோம். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன், விசில் அடிக்கிறவன், படிக்காதவன். படித்த நமக்கு ‘பார்வையாளர்’, ‘விருந்தினர்’ என்று கௌரவமான பெயர்கள். ஆனால் ஒரு கிடாரின் முதல் இரண்டு நொடியில் பாட்டைப் பிடித்தவன் யார்? பாட்டைப் பாதியில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தியது யார்? இசைக்கு மரியாதை தெரியாதவன் தடுப்புக்கு எந்தப் பக்கம் இருந்தான்?

என் கோரிக்கை பெரிதல்ல, மூன்றே மூன்று. சோபாவை எடுங்கள், முதலில் வந்தவருக்கு முன்வரிசை. யார் வந்தாலும் பாட்டை நிறுத்தாதீர்கள். உரையும் பொன்னாடையும் தொடங்குவதற்கு முன்பே முடியட்டும். கேம்புகளுக்கு அனுப்பும் பஸ்ஸை நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு அல்ல, கதவு திறக்கும் நேரத்துக்கு வரவையுங்கள். தாமதமாக வந்ததால் பின்னால் உட்கார்ந்தார்கள் என்ற சாக்கு நமக்கு வேண்டாம்.

அவன் 2020இல், கொரோனா காலத்துச் சிறப்பு விமானமொன்றில் ஊர் திரும்பினான். இப்போது சொந்தமாக ஏசி பழுதுபார்க்கும் கடை. போன டிசம்பரில் செய்தி அனுப்பியிருந்தான்: “மெட்டாலிக்கா போனீங்களாண்ணே?” இல்லை என்றேன், காரணத்தையும் சொன்னேன். குரல் பதிவாகப் பதில் வந்தது. “எங்கூருத் திருவிழாவுக்கு வாங்கண்ணே. ஆர்கெஸ்ட்ராதான். ஆனா சாயங்காலமே வந்து பாயப் போட்டீங்கன்னா மேடைக்கு நேரா எடம். அங்கருந்து ஒங்கள ஒருத்தனும் எழுப்பமாட்டான்.”

கடைசி வாக்கியத்தைக் குத்தலாகச் சொன்னானா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் தப்பில்லை. அந்த இரவைப் பற்றி நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இந்த இதழ் கைக்கு வந்ததும் அனுப்பப்போகிறேன்.

இந்த வருட விழாவின் இருக்கை வரைபடம் அடுத்த வாரம் குழுக் கூட்டத்துக்கு வருகிறது. முதல் ஆறு வரிசை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று கேள்வி. அப்படியே இருந்தால் அழைப்பிதழில் என் பெயரைப் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.